எந்தப் பிழைக்கு விலை கொடுப்பது?

அக்கா மகன் கோடை விடுமுறையில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிச் சம்பாதித்ததில் 400 டாலரைத் தனியே எடுத்து வைத்திருந்தான். "மாமா, இதில் ஒரே ஒரு பேஸ்பால் கார்டு வாங்கப் போகிறேன். பிழை விழுந்த கார்டுதான் வேண்டும். எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். பேஸ்பால் ஆட்டக்காரரின் படமும் பெயரும் அச்சிட்டுப் பொட்டலத்தில் விற்கும் சிறிய அட்டைதான் இந்தக் கார்டு. அவன் நியூஜெர்ஸியில் பிறந்து வளர்ந்தவன். நான் திருச்சியில் தபால்தலை சேர்த்து வளர்ந்தவன். சிறுவனாக இருந்தபோது அவனை மைதானத்துக்குக் கூட்டிப் போவேன். அவன் ஆட்டத்தைப் பார்ப்பான், நான் வாசலில் கார்டு விற்பவரின் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்படித் தொற்றிக்கொண்ட பழக்கம் இது.

பிழை மேல் உள்ள ஆசை மட்டும் பழையது. 1854-இல் இந்தியாவில் அச்சான நான்கு அணா தபால்தலையில் விக்டோரியா ராணியின் தலை தலைகீழாக விழுந்த சில படிகள் உண்டு. அதைப் புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்திருக்கிறேன். ஒழுங்காக அச்சான ஆயிரம் தலைகளை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டே, அந்த ஒரு கோணல் தலையை நினைத்துப் பெருமூச்சு விட்ட பையன்தான் நான். ஆகவே மருமகனின் ஆசை எனக்குப் புரிந்தது.

பட்டியலைக் கையோடு கொண்டுவந்திருந்தான். ஆண்டு, கார்டை அச்சிட்ட நிறுவனம், ஆட்டக்காரர் என்று எழுதியிருந்தான். 1989 ஃபிளியர் நிறுவனத்தின் பில்லி ரிப்கன். 1990 டாப்ஸ் நிறுவனத்தின் ஃபிராங்க் தாமஸ், பெயர் விடுபட்டது. 1989 அப்பர் டெக் டேல் மர்ஃபி, படம் இடவலம் புரண்டது. 1957 டாப்ஸ் ஹாங்க் ஆரன், அதுவும் இடவலம் புரண்டது. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, ‘லாட்டரி விழுந்தால்’ என்று எழுதி, ஷெர்ரி மகீ.

கோட்டுக்குக் கீழே இருப்பதிலிருந்தே தொடங்கினேன். பிழைக்கு எப்படி விலை வருகிறது என்பதை மகீயைப்போல் வேறு யாரும் சொல்லித் தர முடியாது.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாகோ கம்பெனி தன் சிகரெட் பெட்டிகளுக்குள் சிறிய வண்ண அட்டைகளை வைத்து விற்றது. சேகரிப்பவர்கள் அந்தத் தொகுதியை டி206 என்கிறார்கள். மொத்தம் 524 கார்டுகள். அதில் பிலடெல்பியா அணியின் ஷெர்ரி மகீயும் உண்டு. அவர் பெயரின் கடைசியில் ஆங்கிலத்தில் ‘ஈ’ என்ற எழுத்து இரண்டு முறை வரவேண்டும். அச்சகத்தில் முதல் ‘ஈ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஐ’ விழுந்துவிட்டது. அவ்வளவுதான் பிழை. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில் இதைவிடப் பெரிய பிழைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறோம். ஆனால் இங்கே யாரோ கவனித்து, அச்சை நிறுத்தி, எழுத்தைத் திருத்தி, மறுபடி ஓடவிட்டார்கள். அதனால் திருத்திய மகீ ஏராளம், திருத்தாத மகீ கொஞ்சம் என்றாயிற்று. எழுத்து சரியாக உள்ள மகீ மூலை மழுங்கிய நிலையில் நூறு, இருநூறு டாலருக்குக் கிடைக்கிறார். எழுத்து தப்பானவர் கசங்கிக் கிடந்தாலும் பல்லாயிரம் டாலர் கேட்கிறார்.

அந்த மகீ சாதாரண ஆளும் இல்லை. அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான தேசிய லீகில், 1910-இல் அடித்தாடும் சராசரியில் (மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு வெற்றிகரமாக அடித்தார் என்ற கணக்கு) முதலிடம் அவருக்குத்தான்: 0.331. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளும் அந்த இடத்தை விடாமல் வைத்திருந்த ஹோனஸ் வாக்னரிடமிருந்து பறித்தது அது. இன்றைக்கு அந்தச் சராசரியை யாரும் சொல்வதில்லை. அச்சகத்தின் கைப்பிசகைத்தான் சொல்கிறார்கள்.

இதே தொகுதியில் ஜோ டாய்ல் என்ற பந்து வீச்சாளரை, லாரி டாய்ல் என்ற வேறொரு நியூயார்க் ஆட்டக்காரர் என்று நினைத்துத் தேசிய லீகைச் சேர்ந்தவராக அச்சிட்டு, உடனே திருத்திய கார்டும் இருக்கிறது. அதன் படிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது நம்மைப் போன்றவர்கள் பேசிப் பார்க்கும் பொருள் மட்டுமே. மேலே போவோம்.

மருமகனிடம் அன்றைக்குச் சொன்னது இதுதான்: பிழையால் மட்டும் விலை வருவதில்லை, திருத்தத்தால் வருகிறது. யாரும் திருத்தாமல் விட்டால் அந்தக் கார்டின் எல்லாப் படிகளிலும் அதே பிழைதான் இருக்கும். எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஒன்றில் என்ன அருமை? விலைப்பட்டியல் புத்தகங்களில் இப்படிப்பட்டவற்றுக்குப் பக்கத்தில் ‘யு.இ.ஆர்.’ என்று மூன்றெழுத்து போட்டிருப்பார்கள்; திருத்தப்படாத பிழை என்று பொருள். அந்த மூன்றெழுத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பிழை என்று போட்டிருக்கிறதே, விலை ஏறும் என்று வாங்கி வைத்து, பத்து வருடம் கழித்து வாங்கிய விலைக்கே விற்றவர்கள்.

"அப்படியானால் ஆரனை அடித்துவிடட்டுமா? அது திருத்தப்படாததுதானே?" என்று பேனாவை எடுத்தான்.

"பொறு" என்றேன்.

பில்லி ரிப்கனுக்கு வருவோம். சிரிப்புக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்காரர்; பெரும்புகழ் பெற்ற கேல் ரிப்கன் ஜூனியரின் தம்பி. மட்டையைத் தோளில் சாய்த்துச் சாதுவாக நிற்கிறார். மட்டையின் அடிக்குமிழ் நம்மைப் பார்த்திருக்கிறது. அந்தக் குமிழில் தடித்த கறுப்பு மையில், தெளிவான கையெழுத்தில், இரண்டு சொல் கொண்ட ஒரு வசவு. அதை இங்கே எழுதமாட்டேன். இதை அக்காவும் படிப்பாள். படம் எடுத்தவர், தேர்ந்தெடுத்தவர், பக்கம் அமைத்தவர், அச்சிட்டவர் என்று இத்தனை கண்களையும் தாண்டி அது பொட்டலத்துக்குள் போய், குழந்தைகள் கைக்கு வந்து, பத்திரிகைச் செய்தியும் ஆகிவிட்டது.

அதன்பிறகு ஃபிளியர் நிறுவனம் பதறியடித்துக்கொண்டு செய்த திருத்தங்கள்தான் வேடிக்கை. ஒருமுறை குமிழின் மேல் கறுப்புக் கட்டம் போட்டார்கள். ஒருமுறை கறுப்பாகக் கிறுக்கினார்கள். ஒருமுறை வெள்ளையாகக் கிறுக்கினார்கள். ஒருமுறை வெள்ளையை அப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு அழித்து அழித்து நோட்டைக் கிழித்த பையன் நினைவுக்கு வருவான். விளைவு என்னவென்றால், வசவு தெரியும் கார்டு மலிவு. வெள்ளை அப்பிய திருத்தம் அரிது, விலையும் பல மடங்கு. பிழையைத் தேடிப் போகிறவன் கடைசியில் திருத்தத்துக்கு அதிகம் கொடுக்கிறான்!

தம் பயிற்சி மட்டையை மற்ற மட்டைகளிலிருந்து அடையாளம் கண்டு எடுப்பதற்காகத் தாமே எழுதியது என்று ரிப்கன் 2008-இல் ஒப்புக்கொண்டார். கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து.

வசவு தெரியும் மூலக் கார்டைச் சில பத்து டாலருக்கு வாங்கிவிடலாம். எண்பதுகளின் இறுதியில் கார்டுகளைக் கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். திருத்துவதற்கு முன்பே மூட்டை மூட்டையாக வெளியே போய்விட்டது. ஆகவே இது 400 டாலர் போட வேண்டிய பொருள் இல்லை. நண்பர்கள் வந்தால் எடுத்துக் காட்டிச் சிரிக்க ஒன்று வேண்டுமென்றால் வாங்கு, ஆனால் அதை முதலீடு என்று சொல்லாதே என்றேன். "அம்மா கேட்டால் என்ன சொல்வது?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

டேல் மர்ஃபியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1989-இல் அப்பர் டெக் சந்தைக்கு வந்த முதல் வருடம். அவர்கள் மர்ஃபியின் நெகடிவைத் திருப்பி வைத்து அச்சிட்டுவிட்டுப் பின்னர் திருத்தினார்கள். திருத்தப்பட்ட பிழை, 1982, 1983 இரண்டு ஆண்டுகளும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவரின் கார்டு, புதுப் பொருள் என்ற மோகம் எல்லாம் சேர்ந்து அப்போது அது நூறு டாலர் அளவுக்குப் போயிற்று. இன்று அதில் சிறு பங்கு கொடுத்தால் போதும். அதற்கு முன்பு 1981-இல் ஃபிளியர் இதே கூத்தைக் கண்டது. கிரெய்க் நெட்டில்ஸ் என்ற ஆட்டக்காரரின் முதல் பெயர் ஆங்கிலத்தில் ‘ஜி’ எழுத்தில் தொடங்கும்; அதைச் ‘சி’ எழுத்தில் தொடங்கி அச்சிட்டுத் திருத்தினார்கள். அந்தக் கார்டுக்கும் ஒரு கோடைக்காலம் வந்து போயிற்று. திருத்தம் மட்டும் போதாது, திருத்துவதற்குள் எத்தனை வெளியே போயிற்று என்பதும் முக்கியம். அது அந்தப் பரபரப்பு நாட்களில் யாருக்கும் தெரியாது. பரபரப்பில் வாங்குகிறவன் எப்போதும் அதிக விலைதான் கொடுக்கிறான். மர்ஃபியைப் பட்டியலிலிருந்து அடித்தோம்.

1990-இல் ஓடி விளையாடிய கார்டு நிறுவனங்களின் பிழைகளைப் பார்த்தால், வேண்டுமென்றே விட்டதோ என்று தோன்றும். அந்தச் சந்தேகம் அப்போதே எழுந்ததுதான். ரிப்கனுக்குக் கிடைத்த கூட்டத்தைப் பார்த்தபின் பிழை விடுவதில் யாருக்கு நஷ்டம்? அந்த ஆண்டின் புரோ செட் நிறுவனத்தின் அமெரிக்கக் கால்பந்துக் கார்டுகளில் சரியானதைத் தேடுவதுதான் கஷ்டம். அவற்றை எடை போட்டு வாங்கலாம்.

ஆனால் அதே 1990-இல்தான் ஃபிராங்க் தாமஸும் வருகிறார். இங்கே நிதானமாக நிற்க வேண்டும்.

நான்கு நிற அச்சு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கார்டு புரியும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு தகடுகள். ஒரே பெரிய தாள் ஒவ்வொன்றின் கீழும் போய் வரும். பெயரும் கட்டத்தைச் சுற்றியுள்ள மெல்லிய கோடும் கறுப்புத் தகட்டின் வேலை. ஏதோ ஒரு கட்டத்தில், தாளின் ஒரு பகுதியில் மட்டும், கறுப்பு மை விழாமல் போயிற்று. மற்ற மூன்று நிறமும் ஒழுங்காக விழுந்தன. அந்தப் பகுதியில் தாமஸின் பெயர் இருந்தது. ஆபர்ன் பல்கலைக்கழக உடையில் அந்தப் பெரிய உருவம் அப்படியே நிற்கிறது. கீழே பெயர் இருக்க வேண்டிய பட்டை வெறிச்சோடிக் கிடக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை மாட்ட ஆணி மட்டும் அடித்த வீடு மாதிரி.

யாரும் எழுத்துப்பிழை விடவில்லை, யாரும் படத்தை மாற்றி வைக்கவில்லை. இயந்திரம் செய்த தவறு. அதனால்தான் எண்ணிக்கை இவ்வளவு குறைவு. பெயர் உள்ள தாமஸை ஒன்றிரண்டு டாலருக்குக் கொடுக்கிறார்கள். பெயர் இல்லாத தாமஸுக்குச் சில ஆயிரம் வேண்டும். அவர் 1993, 1994 ஆண்டுகளில் அமெரிக்க லீகின் சிறந்த ஆட்டக்காரர். 2014-இல் பேஸ்பாலின் புகழாளர் மன்றமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டவர். ஆட்டக்காரர் பெரியவர், முதல் வருடக் கார்டு, பிழையைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம், எண்ணிக்கையும் சொற்பம். நான்கும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம். இதைத்தான் சந்தை கண்டுகொண்டது.

நானும் கண்டுகொண்டேன், அதனால் ஏமாந்தேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில், மேசையின் ஓரத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் பெயரில்லாத தாமஸ். 140 டாலர் என்றார் விற்றவர். ஆயிரக்கணக்கில் போகும் பொருளை 140-க்கு ஒருவர் ஏன் விற்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை; அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்திருக்கிறது என்ற மமதை. வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றி, மேசை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடித்தேன். கார்டின் மேல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு வந்தது. பெயர்ப்பட்டையில் மட்டும் வழுக்காமல் நின்றது. அங்கே மினுமினுப்பு இல்லை. லென்ஸை வைத்தால், தாளின் நார் தேங்காய்ப் பூப்போல் எழுந்திருந்தது. பட்டையின் நிறமும் நடுவில் வெளுத்திருந்தது. யாரோ அழிப்பானை வைத்துப் பொறுமையாகப் பெயரைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். ஆனால் பட்டையைச் சுற்றியுள்ள கறுப்புக் கோடு முழுசாக, கம்பீரமாக இருந்தது. உண்மையான கார்டில் பெயரோடு அந்தக் கோடும் போயிருக்கும். மை விழாத இடம் பெயரை மட்டும் பார்த்துத் தாவிக் குதிக்காது.

அந்த 140 டாலர் கார்டை இன்னும் வைத்திருக்கிறேன். மருமகனிடம் அதைக் காட்டினேன். நீண்ட நேரம் விளக்கின் கீழ்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

ஆகவே தாமஸ் என்றால் கிரேடு செய்யும் நிறுவனம், அதாவது கார்டு அசலா என்று பார்த்துத் தரம் போடும் நிறுவனம், சோதித்து, சீல் வைத்த உறைக்குள் உள்ளதைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. மகீக்கும் இதே கதிதான்: சரியான எழுத்துள்ள மகீயில் ‘ஈ’யைச் சுரண்டி ‘ஐ’ ஆக்கிய போலிகள் உண்டு. அங்கே ஒரு சோதனை இருக்கிறது. உண்மையான பிழை மகீயின் முதுகில் பீட்மாண்ட் சிகரெட் விளம்பரமும் 150 என்ற எண்ணும்தான் இருக்கும். வேறு சிகரெட் பெயர் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

400 டாலரில் தாமஸ் வராது. ஆனால் தாமஸின் அண்டை வீட்டார் வரக்கூடும். அதே தாளில் பக்கத்தில் இருந்த சில கார்டுகளிலும் கறுப்பு அங்கங்கே விடுபட்டிருக்கிறது. ஓரக் கோடு பாதியில் நின்றிருக்கும், பெயர் கொஞ்சம் கரைந்திருக்கும். அவற்றையும் தேடித் தேடிச் சேர்க்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. 1982 டாப்ஸ் தொகுதியிலும் சில தாள்களில் கறுப்பு மை இல்லாமலே போய், படத்தின் மேல் இருக்க வேண்டிய ஆட்டக்காரரின் கையெழுத்து காணாமல் போயிருக்கிறது. அச்சு எப்படி நடக்கிறது என்பதில் ருசி உள்ளவனுக்கு இவை நல்ல வேட்டை. என் மருமகனுக்கு அந்த ருசி இல்லை. கோடு விடுபட்டதைக் காட்டி விளக்க ஐந்து நிமிடம் ஆகும் கார்டு அவன் நண்பர்களிடம் செல்லாது. அதுவும் நியாயம்தான். பிழை என்பது பார்த்த கணத்தில் சிரிப்போ திகைப்போ தர வேண்டும்; விளக்கவுரை தேவைப்பட்டால் பாதி ருசி போயிற்று.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ‘அரிய அச்சுப்பிழை, உலகில் ஒன்றே ஒன்று’ என்று ஆயிரக்கணக்கில் விலை போட்டுச் சாதாரணக் கார்டுகளை வைத்திருக்கிறார்கள். ஒரு மைத்துளி சிந்தியிருக்கும், நிறம் அரை மில்லிமீட்டர் விலகியிருக்கும், ஓரம் கோணலாக வெட்டுப்பட்டிருக்கும். உலகில் ஒன்றுதான் என்பது உண்மையாகவே இருக்கலாம். என் வீட்டுச் சுவரில் உள்ள விரிசலும் உலகில் ஒன்றுதான். இப்படிப்பட்ட பழுதைக் கிரேடு செய்யும் பிஎஸ்ஏ நிறுவனம் ‘அச்சுப் பழுது’ என்று எழுத்துக் குறி போட்டுத் தனியாக ஒதுக்குவதுண்டு. அதனால் விலை இறங்குமே தவிர ஏறாது. ஒரே பழுது பல படிகளில் ஒரேமாதிரி வந்து, அதற்குப் பெயர் வைத்து, பலர் தேடத் தொடங்கினால்தான் அது ‘பிழைக் கார்டு’. கேட்ட விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலைகளைப் பார்க்கும் வசதி ஏலத் தளங்களில் இருக்கிறது. அதைத் தட்டினால் முக்கால்வாசிக் கனவு அங்கேயே கலைந்துவிடும்.

இனி ஆரன்.

1957 டாப்ஸ், எண் 20. ஹாங்க் ஆரன் வலக்கை ஆட்டக்காரர். இந்தக் கார்டில் இடக்கைக்காரராக நின்று மட்டையைச் சுழற்றுகிறார். நெகடிவைத் திருப்பி வைத்துவிட்டார்கள். பேஸ்பால் தெரியாதவருக்கு இது தெரியாதே என்று கேட்கலாம். சட்டையைப் பாருங்கள். அவருடைய எண் 44. நான்கு என்ற எண்ணை எப்போதாவது கண்ணாடியில் பார்த்திருக்கிறீர்களா? கம்பத்தில் கட்டிய முக்கோணக் கொடி காற்றுக்கு எதிர்ப்பக்கம் பறப்பதுபோல் இருக்கும். அந்தக் கொடி இங்கே இரண்டு பறக்கிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அதன்பிறகு கார்டில் வேறெதுவும் தெரியாது.

யாரும் திருத்தவில்லை. அதனால் நான் மேலே சொன்ன கணக்குப்படி இந்தப் பிழைக்குத் தனி விலை கிடையாது. மருமகன் பேனாவைத் தூக்கியதும் அதனால்தான். ஆனால் அந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு கார்டிலும் பிழையைக் கழித்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? ரிப்கனில் வசவைக் கழித்தால், வாழ்நாள் சராசரி 0.247 அடித்த ஒரு நல்ல மனிதரின் சில்லறைக் கார்டு. மர்ஃபியில் கழித்தால் அதுவும் சில்லறை. தாமஸில் பிழை போனால் அதே ஒன்றிரண்டு டாலர். நாளைக்கே பெட்டி நிறையப் பெயரில்லாத தாமஸ் எங்காவது கிடைத்துவிட்டால் விலை என்ன ஆகும் என்ற பயத்தோடு தூங்க வேண்டும். ஆரனில் பிழையைக் கழித்தால் மிஞ்சுவது ஹாங்க் ஆரன்.

அதுவும் எந்த வருடத்து ஆரன்! 1957-இல்தான் அவர் லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அவருடைய மில்வாக்கி பிரேவ்ஸ் அணி அந்த ஆண்டு உலகத் தொடர் என்ற இறுதிப் பட்டத்தை வென்றது. பழைய ஜாம்பவான் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பது) சாதனையை 1974 ஏப்ரல் 8 அன்று தாண்டி, 755-இல் நிறுத்தியவர். ரூத்தை ஒரு கறுப்பர் முந்துவதா என்று கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்த நாட்களில் அதைச் செய்தவர். டாப்ஸ் இன்றைக்கும் வழக்கத்தில் உள்ள இரண்டரைக்கு மூன்றரை அங்குல அளவைத் தொடங்கியதும் 1957-இல்தான். மூலை மழுங்கி, மடிப்பு விழுந்த படியை நூறிலிருந்து இருநூறுக்குள், கொஞ்சம் நல்ல நிலையில் சில நூறு டாலருக்கு வாங்கலாம். கையிருப்புக்கு எட்டும் விலை. பிழை இலவசம்.

"ஆனால் மாமா, எல்லோரிடமும் இருக்கிற பிழைதானே?"

"எல்லோரிடமும் இருக்கட்டுமே. உனக்கு அது பிடித்திருக்கிறதா?"

பதில் சொல்லாமல் போனில் அந்தக் கார்டின் படத்தைப் பெரிதாக்கி, 44-ஐப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனைத் திருப்பி, சன்னல் கண்ணாடியில் காட்டினான். சன்னலில் ஆரன் வலக்கைக்காரராகிவிட்டார்.

பழைய கார்டு வாங்கும்போது மறுபதிப்பு மாட்டாமல் இருக்க ஒரு சின்ன உபாயம். லென்ஸை வைத்துப் பின்புறத்து எழுத்தையும் கோட்டையும் பாருங்கள். அந்தக் காலத்து அச்சில் எழுத்து ஒரே மையில், முழுசாக, திட்டாக இருக்கும். மூலத்தை ஸ்கேன் செய்து அச்சடித்த போலியில் எழுத்தே பல நிறப் புள்ளிகளாலான கூட்டமாகத் தெரியும். எறும்புப் புற்றைப் பார்ப்பதுபோல் இருக்கும். அளவையும் பாருங்கள், ஓரம் நசுங்கியிருக்கிறது என்று கத்திரித்துக் கூராக்கியவை கொஞ்சமாவது குட்டையாக இருக்கும். மடிப்பு விழுந்த கார்டைப் பற்றிப் பயப்படாதீர்கள். ஆனால் மறுபதிப்பைப் பழையதாகக் காட்ட மடிப்பு விழவைப்பவர்களும் உண்டு, ஆகவே லென்ஸ் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் ராத்திரி அவன் இன்னொரு கேள்வி கேட்டான். "விலையை மறந்துவிடுவோம் மாமா. உங்களுக்குப் பிடித்த பிழை எது?"

திருத்தப்படாத பிழைகளில் ஆள்மாறாட்டம் தனி ரகம். 1969 டாப்ஸில் அவுரேலியோ ரோட்ரிகஸ் என்று போட்டு, அணிக்கு மட்டை எடுத்துக் கொடுக்கும் பையனின் படத்தை அச்சிட்டார்கள். 1985-இல் கேரி பெட்டிஸுக்குப் பதில் அவர் தம்பி நிற்கிறார். 1959-இல் லூ பர்டெட் என்ற வலக்கைப் பந்து வீச்சாளர் குறும்புக்காக இடக்கையில் கையுறை மாட்டாமல், வலக்கையில் மாட்டிக்கொண்டு புகைப்படக்காரரை ஏமாற்றினார். எல்லாம் சிரிக்கத்தக்கவை, மலிவானவை.

எனக்குப் பிடித்தது சிரிக்க முடியாத ஒன்று. 1966 டாப்ஸ், எண் 447. டிக் எல்ஸ்வொர்த் என்று பெயர் போட்டிருக்கிறது. ஆனால் படத்தில் இருப்பவர் கென் ஹப்ஸ்.

ஹப்ஸ் சிகாகோ கப்ஸ் அணியில் இரண்டாம் தளத்தைக் காத்தவர். 1962-இல் லீகின் சிறந்த புதுமுகம். அந்த ஆண்டு அவர் செய்த சாதனை இது: தொடர்ந்து 78 ஆட்டங்கள், பந்தைக் கையாள 418 வாய்ப்புகள், ஒரு பிழைகூட இல்லை. பேஸ்பாலில் பந்தைத் தவறவிடுவதற்கும் ‘பிழை’ என்றுதான் பெயர். அது கணக்கில் ஏறும். அந்த 78 ஆட்டங்களில் அவர் கணக்கில் ஏறவில்லை. விமானம் என்றால் அவருக்குப் பயம். பயத்தைப் போக்கத் தாமே ஓட்டக் கற்றுக்கொண்டார். 1964 பிப்ரவரியில், உரிமம் வாங்கிய கொஞ்ச காலத்திலேயே, யூட்டா மாநிலத்தின் பிரோவோ ஊருக்கு அருகே அவர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் விழுந்தது. அவருக்கு வயது 22.

இரண்டு வருடம் கழித்து டாப்ஸ் அவர் படத்தை இன்னொருவர் பெயரில் அச்சிட்டது. யாரும் திருத்தவில்லை. பத்து டாலர் அளவில் எந்தக் கண்காட்சியிலும் கிடைக்கிறது; வாங்குவோர் குறைவு. 78 ஆட்டம் பிழையே செய்யாதவரின் கடைசிக் கார்டு, ஒரு பிழைக் கார்டு.

மருமகன் அன்றைக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் ஓட்டலின் கூட்டரங்கில் நடந்த கண்காட்சியில் மூன்று மணி நேரம் சுற்றினோம். அவன் தாமஸ் இருந்த மேசைகளைத் தாண்டிப் போனான். ரிப்கனைப் பார்த்துச் சிரித்தான், வாங்கவில்லை. ஒரு முதியவரிடம் ஆரன் இருந்தார். இடது மேல் மூலையிலிருந்து குறுக்கே ஒரு மடிப்பு. நான்கு மூலையும் உருண்டிருந்தன. 44 மட்டும் தெளிவாக இருந்தது. 220 சொன்னார். இவன் 160 என்றான். பேரம் பேச யாரிடம் கற்றானோ, அக்காவாகத்தான் இருக்கும். 180-இல் முடிந்தது. என்னிடமிருந்து லென்ஸை வாங்கி, கார்டைத் திருப்பி, பின்புறத்து எழுத்தைப் பார்த்தான். புள்ளிகள் இல்லை.

வெளியே வரும் வழியில், ஒவ்வொன்றும் ஐந்து டாலர், பத்து டாலர் என்று எழுதிய அட்டைப்பெட்டிகளில் 1966 வரிசையை அவனே குனிந்து தேடினான். எண்ணூறு, தொள்ளாயிரம் கார்டுகளைப் புரட்டியிருப்பான். 447 கிடைத்தது. மிச்சமிருந்த 220 டாலரிலிருந்து எட்டு டாலரை எடுத்துக் கொடுத்தான்.

வீட்டில் ஆரனைத் தனிச் சட்டத்துக்குள் வைத்தான். மற்றதை அவன் ஆல்பத்தில், பெயர் வரிசைப்படி வைப்பது வழக்கம். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, எல்ஸ்வொர்த்தின் பக்கத்தைத் திறந்தான். மூடினான். நாலைந்து தாள்களைத் தள்ளி, ஹப்ஸ் வரவேண்டிய இடத்தில் ஒரு காலி உறையைக் கண்டுபிடித்து, அதற்குள் செருகினான்.